கைதூக்கி எழிலரசி

எழிலரசிக்கு ஆலையில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் கைதூக்கி. பெற்றவர்கள் அழகாக ஒரு பெயர் வைத்தார்கள். ஆலை அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டது. "கைதூக்கி இன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டா?" என்று கேட்டால், கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவருக்குக்கூட யாரைக் கேட்கிறார்கள் என்று தெரியும்.

அவள் வேலை பார்ப்பது சென்னையை அடுத்த ஒரகடத்தில், கார் ஏசிக்குள் காற்றை ஊதித் தள்ளும் சின்ன மோட்டார்களைச் செய்யும் ஒரு கம்பெனியில். கம்பெனியின் பெயர் நமக்கு வேண்டாம். பெயரைச் சொன்னால் அனுமதிக் கடிதம் எங்கே என்பார்கள், அதற்கு நான் யாருக்கு எழுதிப் போடுவது. பதினான்கு நாடுகளில் அவர்களுக்கு ஆலை உண்டு என்பது மட்டும் தெரிந்தால் போதும். பதினான்கிலும் ஒரே நிறச் சீருடை, ஒரே விதிகள், சுவரில் ஒரே படம். படத்தில் ஒரு தொழிலாளி வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி நிற்கிறார். அடியில் அந்தந்த நாட்டு மொழியில் மூன்று சொற்கள்: நிறுத்து, கூப்பிடு, காத்திரு. குறையைக் கண்டவர் யாராக இருந்தாலும் கையைத் தூக்கலாம். கை உயர்ந்தால் மோட்டார் செய்யும் லைன் நிற்க வேண்டும். தூக்கியவரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. இதுதான் விதி. விதி சுவரில் பத்திரமாக இருந்தது. திட்டு சூப்பர்வைசர்களின் வாயில் பத்திரமாக இருந்தது. அதனால் ஒருவர் கூட லேசில் கை தூக்குவதில்லை. தூக்கியவள் எழிலரசி ஒருத்திதான்.

அவளுக்கு உட்காரக் கொடுத்திருக்கும் இடம் ஒரு கண்ணாடிக் கூண்டு. சத்த அறை என்பார்கள். நான்கு சுவரிலும் சாம்பல் நிறப் பஞ்சு. செய்து முடித்த மோட்டார் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வரும். ஸ்விட்சைப் போட்டு ஆறு விநாடி காது கொடுத்துக் கேட்பாள். நல்ல மோட்டார் 'ம்' என்று ஒரே சீராக ஓடும். கெட்டது எங்கோ ஓர் ஓரத்தில் 'கிர்' என்று உறுத்தும். உறுத்தினால் சிவப்புத் தொட்டி. ஒரு ஷிப்ட்டுக்கு நானூறு, நானூற்றைம்பது மோட்டார். அளக்க ஒரு இயந்திரமும் பக்கத்தில் இருக்கிறது. இயந்திரம் சொல்வதும் அவள் சொல்வதும் வேறுபட்டால், விஷயம் தெரிந்தவர்கள் அவள் பக்கம்தான் நிற்பார்கள்.

இந்தக் காது பிறவியிலேயே வந்த வம்பு. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் அவள் எட்டாவது படித்த பள்ளியில், காலைப் பிரார்த்தனைக்கு வாழ்த்துப் பாட்டை கேசட்டில் போடுவார்கள். ஒரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "சார், பாட்டு இழுக்குது சார்." தலைமையாசிரியர் அவளை வெயிலில் நிற்க வைத்தார். மறு வாரம் கேசட் நாடா சிக்கி அறுந்துபோனது. வெயிலில் நிறுத்தியதற்கு யாராவது வருத்தம் சொன்னார்களா என்றால், சொல்லவில்லை. பாட்டுக் குழுவிலும் அவளைச் சேர்க்கவில்லை. குரல் கட்டைக் குரலாம்.

கணவன் ரஞ்சித் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு அவன் ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே, "பின் சக்கரத்துல பேரிங் போவுது, நாளைக்குள்ள மாத்திடு" என்று வீட்டுக்குள்ளிருந்தே சொல்லிவிடுவாள். மெக்கானிக்குக்குச் செலவே இல்லை என்று அவன் நண்பர்களிடம் பீற்றிக்கொள்வான். மகள் தேவிப்பிரியாவுக்குத்தான் கஷ்டம். அவள் ஹெட்ஃபோனில் கேட்கிற பாட்டு பக்கத்து அறையில் இருக்கிற அம்மாவுக்குப் பிசகாகக் கேட்கும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, வரிசையாக வந்த மோட்டார்கள் எல்லாவற்றிலும் ஒரு சின்ன நறநறப்பை எழிலரசி கேட்டாள். சோற்றில் ஒரே ஒரு மணல் கடிபட்டால் எப்படியோ அப்படி. இயந்திரம் எல்லாம் சரி என்று பச்சை விளக்கைக் காட்டியது. அவள் கூண்டை விட்டு வெளியே வந்து கையைத் தூக்கினாள். லைன் ஐம்பத்திரண்டு நிமிடம் நின்றது. அன்றைய கணக்கு கெட்டது. சூப்பர்வைசர் கோதண்டம், அப்போது பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர், எல்லார் முன்னாலும் கத்தினார்.

"மிசினே ஓகே சொல்து. உன் காது இன்னா மிசினுக்கு மேலயா? சும்மா கீற லைன நிறுத்திட்டு வேடிக்க பாக்கிறியா?"

மறுநாளிலிருந்து அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினாள். அதற்குள் கார் கம்பெனியிலிருந்து அறுநூறு மோட்டார் திரும்பி வந்தது. பேரிங்கில் போட்ட கிரீஸ் மட்டம். அவள் கேட்ட அதே நறநறப்பு. அந்த வாரமே அவளைச் சத்தமில்லாமல் சத்த அறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். நீ சொன்னதுதான் சரி என்று ஒருவர் சொல்லவில்லை. கோதண்டம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கைபேசியைப் பார்த்தார். அவள் அதன் பிறகும் கையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் தூக்குவதற்கு முன்னால் நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ளும். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

இப்போது பாட்டுக்கு வருவோம்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கம்பெனி ஓர் உலகப் பாட்டுப் போட்டி நடத்துகிறது. ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு. கொடி போட்டு, நாட்டின் பெயர் போட்டு, மதிப்பெண் போட்டுப் பெரிய திருவிழா மாதிரி செய்வார்கள். இந்தியாவின் சார்பில் எப்போதும் சென்னை அலுவலகத்திலிருந்து ஆள் போவார்கள். வெளியே கூலிக்கு இசை அமைக்கச் சொல்லி, உதட்டை மட்டும் அசைத்து, கலர் கலராக ஆடுவார்கள். போன முறைக்கு முந்தின முறை பதினான்கில் பதின்மூன்றாவது இடம். போன முறை பதினான்காவது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கேமரா சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். கேன்டீன் சுவரில் அந்தப் பட்டியலை வேறு ஒட்டி வைத்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் கண்ணெதிரே கடைசி வரியில் இந்தியா. பட்டியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் உண்டு.

இந்த முறை தலைமை அலுவலகம் விதியை மாற்றியது. லைனில் வேலை செய்கிறவர்கள்தான் பாட வேண்டும். பாட்டும் மெட்டும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். பதிவு செய்த இசை கூடாது. அவரவர் ஆலையிலிருந்தே நேரலையில், ஒரே தடவை. நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் ஒலியை வெட்டிவிடுவார்கள். மேடையில் நிற்கிற ஒவ்வொருவரும் பாட வேண்டும்; சும்மா நிற்க ஆள் கூடாது.

ஒரகடத்தில் ஏழு பேர் சேர்ந்தார்கள். அசெம்பிளியில் இருக்கும் ஜோயல் படப்பைத் தேவாலயத்தில் கிடார் வாசிக்கிறவன், மெட்டு அவனுடையது. முதல் குரல் செந்தாமரை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் விடுதியில் தங்கியிருப்பவள். பாட்டின் வரிகளை ஏழு பேரும் கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஆளுக்கொன்றாகச் சேர்த்தார்கள்.

*ஏ ஷிப்ட்டு பஸ்ஸே கொஞ்சம் நில்லு*
*இட்டிலி சூடு ஆறல சொல்லு*
*படப்பை வரைக்கும் பாதித் தூக்கம்*
*கேட்டுல எறங்கினா மீதி ஏக்கம்*

இப்படிப் போகும். வேடிக்கையாகத் தொடங்கி, மாதக் கடைசியில் ஊருக்குப் போக முடியாத ஒரு பெண்ணின் பாட்டாக முடியும். முடிகிற இடத்தில் செந்தாமரை குரலை இறக்கினால் கேட்கிறவர்கள் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

ஆனால் பாட்டில் மூன்றாவது சரணம் என்று ஒன்று இருந்தது. அது மனிதவளப் பிரிவு அதிகாரி பிரசன்னா எழுதியது. நல்ல பையன்தான், மேலிடத்துக்குப் பயந்தவன். "கம்பெனிய பத்தி ஒரு வரி இல்லன்னா அப்ரூவல் கிடைக்காது" என்று கைப்பட எழுதிக் கொடுத்தான்.

*தரமே எங்கள் தாரக மந்திரம்*
*தலைமை அலுவலகம் எங்கள் கோபுரம்*

அந்த இரண்டு வரி வரும்போது செந்தாமரையின் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல ஆகும். என்ன செய்வது, பாடினார்கள்.

எழிலரசி இதில் எப்படி வந்தாள் என்றால், டீ குடிக்கப் போன இடத்தில். கேன்டீன் மூலையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவள் டம்ளரை வைத்துவிட்டுத் தன்னையறியாமல் கையைத் தூக்கினாள். ஏழு பேரும் சட்டென்று நின்றார்கள். பழக்கம்.

"ரெண்டாவதா நிக்கிறவரு கொஞ்சம் கீழ பாடுறாரு," என்றாள். "பாட்டு நல்லாத்தான் கீது. அது மட்டும் உறுத்துது."

ஜோயல் சோதித்துப் பார்த்தான். அவள் சொன்னது சரியாக இருந்தது. மறுநாளும் அவளைக் கூப்பிட்டான், அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் அவள் இல்லாமல் ஒத்திகை இல்லை என்றானது. மேடையில் சும்மா நிற்கக் கூடாது என்ற விதி இருந்ததால், அவளையும் பாட வைத்தார்கள். என்ன பாடுவது? பள்ளிக்கூடம் வேண்டாம் என்று தள்ளிய அந்தக் கட்டைக் குரலில், பாட்டு முழுக்க ஆதார சுருதியை 'ம்' என்று பிடித்துக்கொண்டு நிற்பது. பதினான்கு வருடம் நல்ல மோட்டாரைக் கேட்ட காது அவளுடையது. பிடித்தால் பிசிறில்லாமல் நின்றது. மற்ற ஏழு குரலும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

வடக்கே இருக்கிற இன்னொரு ஆலையின் பாட்டோடு இதை வைத்துப் பார்த்து, இதுதான் இந்தியாவின் பாட்டு என்று தேர்ந்தெடுத்தார்கள். செய்தி வந்த அன்று ரஞ்சித் ஆட்டோவில் ஏறிய அத்தனை பேரிடமும், "என் வூட்டுக்காரி இண்டியாவுக்காகப் பாடுறா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். இரண்டு பேர் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனார்கள்.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் பிரசன்னா எழிலரசியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரே ஒரு ரிக்வெஸ்ட். தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு மட்டும் கை தூக்காதீங்க. நாலு நிமிஷம்தான். என்ன கேட்டாலும் கேக்காத மாதிரி நின்னுடுங்க. இந்த தடவையும் கடைசியா வந்தா இனிமே ஒரகடத்துக்கு சான்ஸே குடுக்க மாட்டாங்க."

"தூக்கமாட்டேன் சார்," என்றாள் எழிலரசி.

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்தான்."

அந்த வழியாகப் போன கோதண்டம் நின்று, "அவளாவது, தூக்காம கீறதாவது. நாய் வால நிமுத்தினாலும் நிமுத்தலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். எழிலரசிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆள் முன்னாலாவது நாளைக்குக் கை கீழேயே இருக்க வேண்டும் என்று வைராக்கியம் வைத்தாள். எட்டு பேரும் ஒரு மாதமாக உழைத்தது அவள் ஒருத்தியால் கெட்டது என்று வந்தால், அந்தப் பட்டியலை அவள் ஓய்வு பெறும் வரை பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும்.

பிரசன்னா அன்று இன்னொரு நல்ல காரியமும் செய்தான். ஜோயலின் கிடாரில் கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றன, இந்தியாவின் மானம் என்னாவது என்று தன் கைக்காசில் புதுக் கம்பிகள் வாங்கி வந்தான். புதுக் கம்பி இரண்டு நாளாவது நெகிழ்ந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும், அதற்குள் மேடையேற்றக் கூடாது. ஜோயலுக்கு இது தெரியும். ஆனால் அதிகாரி ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மாட்டினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் மதியம் மூன்று மணி. முதல் ஷிப்ட் வீட்டுக்குப் போகவில்லை, இரண்டாம் ஷிப்ட் லைனுக்குப் போகவில்லை. மேலாளரே ஒரு மணி நேரம் தள்ளி லைனைத் தொடங்கச் சொல்லிவிட்டார். கேன்டீனில் எள் விழ இடமில்லை. மேசை மேலெல்லாம் ஏறி நின்றார்கள். எதிர்ச்சுவரில் பெரிய திரை. அதில் பதினான்கு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டு ஆலை. வியட்நாமில் சாயங்காலம். மெக்சிகோவில் விடியவில்லை, இரவு ஷிப்ட்டுக்காரர்கள் தொப்பியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் அதே நீலச் சட்டை.

ஒன்பதாவதாக இந்தியா. திரையின் ஓரத்தில் நான்கு நிமிடம் என்று பச்சை எண்கள் எழுந்து குறையத் தொடங்கின. ஜோயல் கிடாரைத் தட்டினான். எழிலரசி 'ம்' பிடித்தாள். செந்தாமரை பஸ்ஸை நிற்கச் சொன்னாள். மேசை மேல் நின்றவர்கள் இட்டிலி வரிக்குச் சிரித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பல்லவி முடிகிற இடத்தில் அவளுக்குக் கேட்டது. கிடாரின் ஒரு கம்பி கேன்டீன் புழுக்கத்தில் நெகிழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான். மயிரிழை. ஆனால் கிடார் பக்கம் நின்ற மூன்று பேர் அதோடு சேர்ந்து கீழே போக, எழிலரசி பக்கம் நின்றவர்கள் அவள் சுருதியிலேயே நிற்க, பாட்டு நடுவில் விரிசல் விட்டது. செந்தாமரை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திணறுவது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. கடைசிச் சரணத்தில் அவள் குரலை இறக்கும்போது தாங்க ஒன்றும் இருக்காது.

கேட்காத மாதிரி நிற்கலாம். வாக்குக் கொடுத்திருக்கிறாள். கூடியிருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் தெரியாது, கைதட்டிவிட்டுப் போவார்கள். எதிரே முதல் வரிசையில் கைகட்டி நின்ற கோதண்டத்தையும் அவள் பார்த்தாள். நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொண்டது. ஆறு விநாடி பொறுத்தாள். ஒரு மோட்டாருக்குக் கொடுக்கிற ஆறு விநாடி.

பிறகு கை உயர்ந்தது.

வேறு எந்த ஊர்ப் பாட்டுக் கோஷ்டியாக இருந்தாலும், ஒருத்தி கையைத் தூக்கினால் மற்றவர்கள் பாட்டுக்குப் பாடியிருப்பார்கள். இவர்கள் லைன்காரர்கள். கை கண்ணில் பட்டதும் ஏழு பேரின் வாயும் ஒரே விநாடியில் மூடியது. ஜோயலின் விரல் கம்பி மேல் அப்படியே நின்றது. மற்றவர்கள் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றார்கள். உலகத்தில் பதினான்கு நாடு பார்த்துக்கொண்டிருக்க, இந்தியா வாயை மூடிக்கொண்டு நின்றது. பச்சை எண்கள் ஓடின. பிரசன்னா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"மூணாவது கம்பி எறங்கிடுச்சு ஜோயல். ஏத்து," என்றாள் எழிலரசி, கையைக் கீழே போடாமல். மைக்கில் தெளிவாகக் கேட்டது.

ஜோயல் முறுக்காணியைப் பிடித்தான். அவள் 'ம்' பிடித்துக் கொடுத்தாள். அவன் முறுக்கினான். கொஞ்சம் மேலே போனது, குறைத்தான். மீண்டும் முறுக்கினான். கேன்டீனில் அத்தனை பேரும் அந்த ஒரு கம்பியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரை நிமிடம் ஆனது. ஓடுகிற லைனில் அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"இப்போ சரி," என்று கையை இறக்கினாள்.

"ஏக்கா, நேரம் பத்தாதுக்கா," என்றாள் செந்தாமரை மெல்லிய குரலில். "முழுசாப் பாடினா கடைசிச் சரணத்தை வெட்டிருவாவ."

எழிலரசி பச்சை எண்களைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. பாட்டு முழுசாக மூன்று நிமிடம் இருபது. அவள் மற்ற ஏழு பேரையும் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்கே வைத்தாள். லைனில் இரைச்சலுக்கு நடுவே அதற்கு ஒரே அர்த்தம்: ரிஜெக்ட், சிவப்புத் தொட்டி.

கோபுரமும் தாரக மந்திரமும் சிவப்புத் தொட்டிக்குப் போயின. மேசை மேல் நின்ற கூட்டத்துக்கு ஒரு விநாடி கழித்துத்தான் புரிந்தது. புரிந்ததும் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், அந்தச் சிரிப்போடேயே பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இந்த முறை விரிசல் இல்லை. எட்டுக் குரலும் ஒரே தரையில் நின்றன. பஸ் வந்தது, இட்டிலி ஆறியது, படப்பை தாண்டியது. கடைசிச் சரணத்தில் ஊருக்குப் போகாத பெண் அம்மாவுக்கு போன் செய்தாள். செந்தாமரை குரலை இறக்கினாள். அடியில் எழிலரசியின் கட்டைக் குரல் அதை ஏந்திக்கொண்டது. கேன்டீனில் விடுதிப் பெண்கள் அழுதார்கள், வெட்கப்படாமல் அழுதார்கள். பாட்டு முடிந்தபோது பச்சை எண் நான்கு விநாடி மிச்சம் காட்டியது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீய," என்று செந்தாமரை அவளைக் கட்டிக்கொண்டாள். கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. எழிலரசி தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரசன்னாவின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. பாட்டு நன்றாக வந்தது அவளுக்குத் தெரியும். வாக்கு தவறியதும் தெரியும்.

முதலில் நடுவர்களின் மதிப்பெண். தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் ஐந்து பேர். இந்தியாவுக்குப் பதினோராவது இடம். பாட்டை நிறுத்தியது ஒழுங்கீனம் என்று எழுதியிருந்தார்களாம். கூட்டம் உச்சுக்கொட்டியது.

அடுத்து ஆலைகளின் மதிப்பெண். ஒவ்வொரு நாட்டிலும் தொழிலாளர்கள் வாக்குப் போட்டு, தங்களுக்குப் பிடித்த ஒரு நாட்டுக்குப் பத்து மதிப்பெண் கொடுப்பார்கள். அவர்களில் ஒருவர் திரையில் வந்து அந்த நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். முதலில் வியட்நாம். எழிலரசி வயதுள்ள ஒரு பெண் எழுந்து மைக்கருகே வந்தாள். நேராக நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்களும் கையைத் தூக்கினார்கள். பிறகுதான் அவள், "இந்தியா," என்றாள்.

கேன்டீனுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. மெக்சிகோ வந்தது, தூக்கம் கலையாத மீசைக்காரர் ஒருவர், அதே கை. "இந்தியா." துருக்கி, அதே கை. தாய்லாந்து, அதே கை. பதினான்கு நாட்டிலும் அதே படம் சுவரில் இருக்கிறதல்லவா? பதினான்கு நாட்டிலும் தூக்க நினைத்துத் தூக்காமல் விட்ட கைகள் எத்தனை இருந்தனவோ, யாருக்குத் தெரியும். ஹங்கேரி பிரேசிலுக்குப் பத்தைக் கொடுத்தது. கொடுப்பதற்கு முன்னால் அவர்களும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

கூட்டிப் பார்த்ததில் இந்தியா மூன்றாவது.

அதன் பிறகு கேன்டீனில் எழுந்த சத்தத்தை எந்த இயந்திரமும் அளந்திருக்காது. பிரசன்னா மேசை மேல் ஏறி ஆடினான். தன் சரணம் செத்ததை அவன் மறந்தே போனான். யாரோ சுவரிலிருந்த பழைய பட்டியலைக் கிழித்தார்கள். வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து பாதுகாவலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்த ரஞ்சித்தை உள்ளே விட்டுவிட்டார்கள். அவன் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தான். எழிலரசி எழுந்து நின்றாள். பெருமையாக இருந்தது. நாட்டுக்காக, எட்டு பேருக்காக, அப்புறம், மறைப்பானேன், தனக்காகவும். எட்டாம் வகுப்பிலிருந்து தூக்கிய கையை முதல் முறையாக யாரோ திருப்பித் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். அவள் வாய்விட்டு அழுதாள்.

கோதண்டம் மட்டும் கட்டிய கையைப் பிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லைனுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழே கால். சத்த அறையில் எழிலரசி நாற்பதாவது மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு வெளியே லைன் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தாள். மூன்றாவது மேசையில் கலைமதி கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஐந்து வருடமாக அந்த மேசையில் இருப்பவள், ஒரு நாளும் தூக்கியதில்லை. முகம் வெளிறியிருந்தது. தூரத்திலிருந்து கோதண்டம் வேகமாக வருவதைப் பார்த்து, பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கோதண்டம் வந்து நின்றார். நின்ற லைனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது.

"இன்னாம்மா கேக்குது?" என்றார்.

"ஸ்க்ரூ ஏறும்போது ஒரு மாரி சத்தம் சார். சரியா சொல்லத் தெரில."

"சொல்லத் தெரியலன்னா பரவால்ல." கோதண்டம் கண்ணாடிக் கூண்டின் பக்கம் திரும்பினார். ஏழு வருடத்தில் முதல் முறையாக எழிலரசியின் முகத்தை நேராகப் பார்த்தார். "எழிலைக் கூப்புடு. அது வந்து கேட்டு சொல்லட்டும்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து, காத்திருந்தார்.